வருணனைக் குரலும் வாழும் பேச்சும்: மும்பை ஆவணப்படங்களில் தமிழ், டேனிஷ் மரபோடு ஓர் ஒப்பீடு

1. முன்னுரை

ஆவணப்படத்தின் வரலாறு பெரும்பாலும் காட்சியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அப்படம் எம்மொழியில் பேசியது, அம்மொழி யாருடையது, பேசியவரின் சொல் பார்ப்பவரை எவ்வடிவில் சென்றடைந்தது என்னும் வினாக்கள் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியவை. இவ்வினாக்களை எழுப்புதற்கு மும்பை மாநகரம் மிகப் பொருத்தமான களமாகும். இந்திய அரசின் ஆவணப்படத் துறை நிலைகொண்டது அந்நகரில்தான். தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவருவதும் அந்நகரில்தான். ஆகவே ஒரே நகரத்தில் தமிழ் இருநிலைகளில் ஒலித்தது எனலாம். ஒன்று, எழுதிப் படிக்கப்பட்ட வருணனைத் தமிழ். மற்றொன்று, தெருவிலும் தொழிற்கூடத்திலும் வழங்கிய பேச்சுத்தமிழ். இவ்விரண்டும் திரையில் எந்த அளவு இடம்பெற்றன என்பதை, சிறிய மொழியொன்றின் நாடாகிய டென்மார்க்கின் மரபோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஐந்து மொழிகளுள் ஒன்று

தமிழ் ஆவணப்பட வரலாறு அரசிலிருந்து தொடங்கவில்லை என்பது முதற்கண் குறிப்பிடத்தக்கது. ஏ.கே. செட்டியார் 1937இல் எண்ணங்கொண்டு, பல நாடுகளிற் சிதறிக்கிடந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டி உருவாக்கிய காந்தியடிகள் பற்றிய படம், 1940 ஆகஸ்டில் சென்னையில் தமிழ் வருணனையோடு வெளிவந்தது. தெலுங்கு வடிவம் அதன் பின்னரே வந்தது. அப்படத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு மொழியன்று, மூல மொழியே ஆகும்.

அரசின் முயற்சி வேறு வகையில் அமைந்தது. போர்க்காலப் பிரசாரத்தின் பொருட்டு 1940இல் திரைப்பட ஆலோசனைக் குழு ஏற்படுத்தப்பட்டது. பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்கத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஷா அதனை நடத்த வந்தார். 1943இல் 'இன்ஃபர்மேஷன் பிலிம்ஸ் ஆஃப் இந்தியா' தோன்றி, 1946இல் முடிவுற்றது. விடுதலைக்குப்பின் 1948இல் திரைப்படப் பிரிவு, அதாவது மக்கள் அறிந்த பெயரில் 'பிலிம்ஸ் டிவிஷன்', மும்பையில் நிறுவப்பட்டது. அதன் படங்கள் தொடக்கத்தில் ஆங்கிலம், இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு ஆகிய ஐந்து மொழிகளில் வெளிவந்தன. ஏனைய மொழிகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. மராத்தி நிலத்தில் அமைந்த நிறுவனத்தின் முதற்பட்டியலில் தமிழ் இடம்பெற்றதும் மராத்தி இடம்பெறாமையும் சிந்திக்கத்தக்கன. மொழித்தேர்வு படம் உருவான ஊரைச் சார்ந்து அமையாமல், அதனைத் திரையிடும் அரங்குகளின் வட்டாரத்தைச் சார்ந்து அமைந்தது எனக் கருத இடமுண்டு.

1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்வழி, உரிமம் பெற்ற திரையரங்குகள் கதைப்படத்தோடு அரசு ஏற்ற படங்களையும் காட்ட வேண்டியவாயின. இதனால் சிற்றூர்க் கொட்டகை வரையில் தமிழ் வருணனை சென்றது. 'நியூஸ் ரீல் போட்டாயிற்றா?' என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்த தலைமுறைக்கு அக்குரல் நன்கு பழகியது.

3. வருணனைத் தமிழின் இயல்பு

35 மில்லிமீட்டர்ப் படச்சுருள் ஒரு நிமிடத்திற்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடத்தில் முடிந்துவிடும். காட்சியின் நீளம் முன்னரே வெட்டி அறுதியிடப்பட்டமையால், மொழிபெயர்ப்பாளர் அதற்குள் அடங்கியே எழுத வேண்டியவரானார். இங்கே தமிழின் தொடரமைப்பு ஓர் இடர்ப்பாட்டைத் தோற்றுவித்தது. ஆங்கிலம் எழுவாயையும் வினையையும் முதலிற் கூறி, விவரங்களைப் பின்னர் அடுக்கும். தமிழ் விவரங்களை முன்னே நிறுத்தி வினையால் முடிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். திரையில் முதலில் அணையும், அடுத்து மதகும், இறுதியில் வயலும் தோன்றுவதாகக் கொள்வோம். ஆங்கிலத் தொடர் அதே வரிசையில் செல்லும். அதனை ஒரே வாக்கியமாகத் தமிழாக்கினால், 'வயல்களுக்கு வேண்டிய நீரை மதகுகள் வழியாக வழங்குவது இவ்வணை' என்றாகும். திரையில் அணை நிற்கும்போது செவியில் வயல் விழும். வயல் தோன்றும்போது அணை ஒலிக்கும். இம்முரண்பாட்டைத் தவிர்க்க, 'இதோ அணை. மதகுகள் திறக்கின்றன. நீர் வயலை அடைகிறது' எனத் தொடரைச் சிறு வாக்கியங்களாக முறிப்பதே வழி. நீண்ட எச்சத்தொடர்களால் இயங்கிய உரைநடையை விடுத்துக் குறுவாக்கிய நடையை நாடும் தேவை இவ்வாறு படச்சுருளிலிருந்தே பிறந்தது.

இவ்வருணனை பேசியது முழுமையும் எழுத்துத்தமிழ். உழவரும் நெசவாளரும் திரையில் தோன்றினர். ஆயின் அவர்களைப் பற்றி மற்றொருவரே பேசினார். இதனைக் குறையென்று மட்டும் தள்ளிவிடல் பொருந்தாது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேரே. திரையில் எழுத்தை இட்டிருப்பின் பெரும்பான்மையோர்க்குப் பயன் இராது. குரலே அனைவரையும் எட்டும் வழியாக இருந்தது.

1960களின் நடுப்பகுதியில் இந்நிலை சற்று நெகிழ்ந்தது. ழான் பௌனகரியின் ஆலோசனைக் காலத்தில் எஸ்.என்.எஸ். சாஸ்திரியின் 'ஐ ஆம் 20' (1967), நாடு விடுதலை பெற்ற ஆண்டிற் பிறந்த இளைஞர்களைத் தம் வாயாலேயே பேசவைத்தது. சுக்தேவின் 'இந்தியா 67' வருணனையையே விலக்கியது. மனிதர் தாமே பேசத் தொடங்கியதும் மொழிபெயர்ப்பின் சிக்கல் உருமாறியது. வருணனையை மாற்றுவது ஓர் உரையை மாற்றுவதாகும். பேசுவோரின் குரலை மாற்றுவதோ ஓர் ஆளையே மாற்றுவது போன்றதாகும்.

4. டேனிஷ் மரபு

டென்மார்க்குக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. டேனிஷ் அரசர் அனுப்ப 1706இல் அங்கு வந்த ஜெர்மானியர் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்டதை மொழிபெயர்ப்பு வரலாறு நன்கறியும்.

ஆவணப்படத் துறையில் இரு நாடுகளுக்கும் ஒரு பொது வேர் உண்டு. டென்மார்க்கில் 1932இல் 'டான்ஸ்க் குல்டுர்பிலிம்', 1939இல் அரசுத் திரைப்பட மையம் ஆகியன தோன்றின. போருக்குப்பின் பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்கத்தினரான ஆர்தர் எல்டன் அங்கும் ஆலோசனை கூற அழைக்கப்பட்டார். எனினும் குரலைப் பற்றிய நோக்கு வேறுபட்டது. பௌல் ஹென்னிங்சன் 1935இல் எடுத்த டென்மார்க் பற்றிய படம் விளக்கவுரையை நம்பாது ஜாஸ் இசையை நம்பியது. அதனாற் கண்டனத்துக்கும் உள்ளாயிற்று. கார்ல் தியோடர் டிரேயர் சாலைப் பாதுகாப்பை வலியுறுத்த 1948இல் எடுத்த அரசுக் குறும்படம், ஓட்டுக்கலத்தைப் பிடிக்க விரையும் இருவரின் பயணத்தைப் பெரும்பாலும் சொல்லின்றியே காட்டுகிறது. திரைப்படப் பிரிவு தோன்றிய ஆண்டும் அதுவே. அறிவுரை கூறவந்த இரு அரசுகளுள் ஒன்று வருணனையாளரை நாடியது. மற்றொன்றின் படம் மோட்டார் வண்டியின் ஓசையை நாடியது.

மேலும், ஏறத்தாழ 60 இலட்சம் மக்களைக் கொண்ட அந்நாட்டில் அயல்மொழிக் கதைப்படங்கள் துணைத்தலைப்புகளோடு காட்டப்படுவதே வழக்கம். எழுத்தறிவு பரவிய சமுதாயத்தில் மூலக்குரலைக் காத்துக்கொண்டே பொருளை எழுத்தால் உணர்த்துதல் இயன்றது. 1995இல் லார்ஸ் வான் டிரையர், தாமஸ் விண்டர்பெர்க் ஆகியோர் அறிவித்த 'டாக்மா 95' விதிகளுள் ஒன்று, ஒலியைக் காட்சியினின்று பிரித்துப் பதிவு செய்தலாகாது என்பது. அது கதைப்படத்திற்கான விதியாயினும், பேசும் ஆளும் அவர் குரலும் பிரிக்கவியலாதவை என்னும் கருத்தை அது உச்சத்திற்குக் கொண்டுசென்றது.

5. தாராவித் தமிழும் துணைத்தலைப்பும்

மும்பையில் நேரடி ஒலிப்பதிவு தமிழ்ப்பேச்சைத் தொட்டதற்குச் சான்று ஆனந்த் பட்வர்தனின் 'பம்பாய் நமது நகரம்' (1985) ஆகும். 1981 ஜூலையில் நடைபாதைவாசிகளை அகற்றும் நடவடிக்கை தொடங்கியது. அதனை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றவர்களுள் 1961இல் சேலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழரும் ஒருவர். ஓல்கா டெல்லிஸ் வழக்கு எனப்படும் அவ்வழக்கின் தீர்ப்பு 1985இல் வெளிவந்தது. அதே ஆண்டு வெளியான இப்படத்தில் இந்தி, மராத்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் மக்கள் வாய்மொழியாகவே ஒலிக்கிறது. அரசுப் படங்களில் வருணிக்கப்பட்டவர்கள் இங்கே தாமே வாதிடுகின்றனர்.

ஆயினும் இப்பேச்சு உலகைச் சென்றடைந்தது ஆங்கிலத் துணைத்தலைப்பின் வழியாகவே. திரைக்கடியில் இரண்டு வரிகளுள் அடங்கவேண்டிய அவ்வெழுத்து பொருளைத் தருகிறது, கிளைவழக்கைத் தருவதில்லை. திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து தாராவிக்குத் தோல் தொழிலை நாடிச் சென்றோரின் பேச்சும், பாலக்காடு, தஞ்சைப் பகுதிகளிலிருந்து மாதுங்காவில் குடியேறியோரின் பேச்சும் ஒன்றல்ல. அறையைக் 'கோலி' என்றும் தொழிலைத் 'தந்தா' என்றும் கூறும் மும்பைத் தமிழ் இவ்விரண்டினின்றும் வேறுபட்ட மற்றொரு நிலை. 'எங்க கோலிய ஒடச்சிட்டாங்க' என ஒருவர் கூறுவாராயின், ஆங்கிலத்தில் அது வீடு இடிக்கப்பட்டது என்னும் செய்தியாக மட்டுமே எஞ்சும். நெல்லையையும் மும்பையையும் ஒருங்கே சுமந்த சொல் அங்கே மறைகிறது. செயப்பாட்டுவினையாக மாற்றப்படின், இடித்தவர் யார் என்னும் சுட்டும் உடன் மறைகிறது.

டேனிஷ் இயக்குநர்களான காமில்லா நீல்சன், ஃபிரெடெரிக் யாகோபி ஆகியோர் நகர்ப்பெருக்கம் பற்றிய படவரிசைக்காக 'மும்பை டிஸ்கனெக்டட்' (2009) என்னும் படத்தை எடுத்தனர். நெரிசல் மிகுந்த மின்தொடர்வண்டிகளையும், பெடர் சாலை மேம்பாலத் திட்டத்திற்கு எழுந்த எதிர்ப்பையும் அது காட்டுகிறது. திரைப்படப் பிரிவின் வளாகம் அமைந்த சாலையும் அதுவே. முன்பு அரசின் குரல் புறப்பட்ட அச்சாலையில், அயல்நாட்டார் வருகையால் நகர மக்களின் குரல் பதிவாகியது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு முடிவுகள் பெறப்படும். வருணனைத் தமிழ் மக்களை எட்டியது. ஆனால் மக்களின் தமிழைத் திரைக்குக் கொணரவில்லை. நேரடி ஒலிப்பதிவு மக்களின் தமிழைக் கொணர்ந்தது. ஆனால் அது தமிழ் எழுத்தாகப் பதிவுபெறாமல் பிறமொழித் துணைத்தலைப்பாகவே நிலைபெற்றது.

திரைப்படப் பிரிவு 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. அதே ஆண்டில் தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளியும் முடிவாயிற்று. நிறுவனம் உருமாறுங்கால் அதன் தமிழ் வருணனை ஏடுகளும், குடியிருப்பு உருமாறுங்கால் அதன் பேச்சுவழக்கும் சிதறும் வாய்ப்பு மிகுதி. படச்சுருளைக் காத்தல் காட்சியைக் காக்கும்; சொல்லைக் காக்க அது மட்டும் போதாது. ஐந்து மொழி வடிவங்களின் வருணனை உரைகளை ஒருங்கே தொகுத்தலும், நேரடி ஒலிப்பதிவுப் படங்களிலுள்ள தமிழ்ப்பேச்சை ஒலிப்பு மாறாமல் எழுத்திற் பெயர்த்தலும் மொழிபெயர்ப்பாளரும் மொழியியலாரும் கூடிச்செய்யத்தக்க பணிகள். அப்பேச்சைக் கேட்டு இனங்காணவல்ல முதியோர் தாராவியில் வாழுங்காலத்திலேயே அப்பணி தொடங்கப்பெறல் வேண்டும்.