வடக்கன்குளத்துச் சுவரும், அந்த வழக்கில் இல்லாத நாமும்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் வரும் சிறிய ஊர் வடக்கன்குளம். அங்கே 1872-இல் கட்டப்பட்ட கத்தோலிக்கத் தேவாலயத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதைக் கால்சட்டைக்கு ஒப்பிடுவார்கள். ஒரே பீடம், அதிலிருந்து இரண்டாகப் பிரியும் இரண்டு நீண்ட கூடங்கள். ஒன்றில் வெள்ளாளரும் அவரைச் சேர்ந்தவர்களும், மற்றொன்றில் நாடார்களும் பிறரும். குருவானவரை இரு தரப்பும் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. சாதியைப் பொறுத்துக்கொண்ட கோயில்கள் நிறைய உண்டு. சாதிக்காகவே வரைபடம் போட்டுக் கட்டிய கோயில் இது.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை, 1745-இல் இங்கேதான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே கொல்லப்பட்டார். தாழ்த்தப்பட்டவர்களோடு சேர்ந்து உண்டு பழகினார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரிலிருந்து 'பிள்ளை' நீக்கப்பட்டிருந்தது. அதற்கே ஊருக்குள் ஒரு சாராருக்கு வருத்தம். புனிதரானாலும் பட்டம் வேண்டுமாம்!

அவர் திருமுழுக்குப் பெறுவதற்கு முந்தைய ஆண்டு, 1744-இல், திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ஓர் ஆணை பிறப்பித்தார். 'மலபார் சடங்குகள்' என்று வரலாற்றில் பேசப்படும் நீண்ட சச்சரவின் முடிவு அது. நூலும் பொட்டும் சந்தனமும் பற்றிய சச்சரவு என்றே பாடப்புத்தகங்கள் எழுதும். ஆனால் அதன் நடுவே நம் ஆட்கள் இருந்தார்கள். பறையர் வீட்டில் சாகக் கிடப்பவருக்கு நோயில் பூசுதல் கொடுக்க குருக்கள் உள்ளே நுழைவதில்லை. நோயாளியை வெளியே தூக்கி வர வேண்டும். போனால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தங்களை ஏற்க மாட்டார்கள் என்று மறைபரப்பாளர்கள் வாதிட்டார்கள். 1704-இலேயே புதுச்சேரியில் ரோமின் தூதர் தூர்னோன் இதைக் கண்டித்து ஆணையிட்டிருந்தார். நாற்பது ஆண்டுகள் இழுத்தடித்து, கடைசியில் கண்டுபிடித்த வழி, பறையருக்கென்று தனிக் குருக்களை நியமிப்பது. வீட்டு வாசலைத் தாண்டுவதற்குப் பதிலாகத் தாண்டுகிற ஆளையே தனியாக ஏற்பாடு செய்தார்கள். வடக்கன்குளத்தின் இரட்டைக் கூடம் 128 ஆண்டுகளுக்குப் பிந்தியது. ஆனால் அதன் அஸ்திவாரம் இங்கே இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

தடுப்பை 1910 வாக்கில் இடித்தவர் கவுசானல் அடிகளார் என்ற பிரெஞ்சுக் குரு. வெள்ளாளர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. 'மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்' என்ற பெயரில் 1917-ஆம் ஆண்டுச் சட்ட இதழில் அதைப் பார்க்கலாம். கோயிலுக்குள் தனி இடம் கேட்கும் சாதி உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1908-இல், கமுதிக் கோயிலில் நுழையும் உரிமை கேட்ட நாடார்களுக்கு எதிராக லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருந்தது. கமுதியில் தோற்ற சாதி வடக்கன்குளத்தில் வென்றது. கொண்டாட வேண்டிய வெற்றிதான்.

ஆனால் இரண்டு வழக்கிலும் நாம் கட்சிக்காரர் இல்லை, தோழர்களே. வடக்கன்குளத்தில் மோதிக்கொண்டவை நிலமும் வணிகமும் கைவசம் இருந்த இரு சமூகங்கள். வக்கீல் வைக்கப் பணம் இருந்தவர்களின் சண்டை ஆவணமானது. பறையரும் பள்ளரும் சக்கிலியரும் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதற்கு யாரும் வழக்குப் போடவில்லை.

நம் வழக்கு நடந்த இடங்கள் வேறு. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள எறையூரில் செபமாலை மாதா கோயில். அங்கே தலித் கிறிஸ்தவர்களுக்குக் கல்லறை தனி, சவ ஊர்வலத்துக்கு வழி தனி. 2008 மார்ச்சில் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று உண்ணாவிரதம் தொடங்கினார்கள். மார்ச் 9 அன்று வன்னியக் கிறிஸ்தவர்கள் தலித் குடியிருப்பைத் தாக்கினார்கள். காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் இருவர் இறந்தார்கள். தனிமைப்படுத்தப்பட்டவர்களே தனிப் பங்கு கேட்டது முரண் என்று அப்போது பலர் எழுதினார்கள். நூறாண்டு ஒரே கோயிலில் ஓரமாக நின்று பார்த்துவிட்டு அதை எழுதியிருக்கலாம்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கும் மாணவர்கள் 'சூசை எதிர் இந்திய ஒன்றியம்' தீர்ப்பைப் படியுங்கள். சூசை சென்னையில் நடைபாதையில் செருப்பு தைத்தவர். பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்திதான் காரணம். 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திருத்தப்பட்ட பத்தி அது. 1985-இல் உச்ச நீதிமன்றம் சூசையின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்றது.

எனவே விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கோயிலுக்குள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். கல்லறைக்கு நடுவே சுவர் இருக்கிறதா, எந்த ஆண்டு கட்டியது, தேர் எந்தத் தெருவில் திரும்பிவிடுகிறது, பாடகர் குழுவிலும் பங்குப் பேரவையிலும் யார் யார், சவ வண்டி யாருக்குத் தருகிறார்கள். பாட்டிமாரிடம் கேட்டுத் தேதியோடு எழுதுங்கள், படம் எடுங்கள்.