பிரதிவாதி: ஏறத்தாழ 53 நாய்கள்

2007-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு வழக்கு பதிவாயிற்று. அதன் தலைப்பு ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் ஏறத்தாழ 53 பிட்புல் நாய்கள்’. குற்றத்துக்குப் பயன்பட்ட சொத்தை அரசு கைப்பற்ற விரும்பினால் அச்சொத்தின் மீதே வழக்குத் தொடுப்பது அந்நாட்டுச் சட்ட மரபு. கடத்தல் படகும் கறுப்புப் பணமும் பிரதிவாதிகளாக நிற்பதுபோல நாய்களும் நின்றன. நம் கவனத்தை நிறுத்துவது அந்த ‘ஏறத்தாழ’ என்ற சொல்தான். எத்தனை என்று திட்டமாகச் சொல்லவேண்டிய அவசியம்கூட எழவில்லை.

வழக்கின் பின்னணி பலரும் அறிந்ததே. அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் நட்சத்திர ஆட்டக்காரரான மைக்கேல் விக்குக்குச் சொந்தமான சர்ரி கவுண்டி நிலத்தில் 2007 ஏப்ரல் 25 அன்று காவல்துறை சோதனையிட்டது. மரங்களுக்கிடையே, மண்ணில் புதைத்த கார் அச்சுகளில் நாய்கள் கனத்த சங்கிலிகளால் பிணைக்கப்பட்டிருந்தன. பந்தயம் கட்டி நாய்ச்சண்டை நடத்தியதும், சண்டைக்கு உதவாதவற்றைக் கொன்றதும் விசாரணையில் வெளிவந்தன. விக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் 23 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவரைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். நாம் பேச வந்தது நாய்களைப் பற்றி.

அதுவரையிலான வழக்கம் எளிமையானது. சண்டைக் களத்திலிருந்து மீட்கப்பட்ட நாய், வழக்கு முடியும்வரை சாட்சியப் பொருள். முடிந்ததும் ஊசி. இம்முறையும் அதுவே நடக்கவேண்டும் என்று சொன்னவர்கள் விலங்குகளின் விரோதிகள் அல்லர். அமெரிக்க மனிதநேயச் சங்கமும் பீட்டாவும் அதையே பரிந்துரைத்தன. வளர்ந்து முடிந்த நாய் மாறாது, வன்முறையில் வார்க்கப்பட்டதை ஒரு குடும்பத்தின் கையில் எப்படிக் கொடுப்பது என்பது அவர்கள் வாதம். கேலி செய்து ஒதுக்கிவிடக் கூடிய வாதமல்ல இது. காப்பகங்களில் இடமின்றி நல்ல நாய்களே ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டுவந்த நாடு அது.

ஆனால் அரசுத் தரப்பு இம்முறை வேறொரு வழியில் போனது. 2007 செப்டம்பரில் விலங்கு நடத்தை அறிந்த குழு ஒன்று, கவுண்டிக் காப்பகங்களில் அடைபட்டிருந்த 49 நாய்களைத் தனித்தனியே சோதித்தது. மூர்க்கத்தின் காரணமாகக் கைவிடப்பட்டது ஒன்றே ஒன்று. நோயுற்ற இன்னொன்றும் கருணைக் கொலைக்கு உள்ளாயிற்று. எஞ்சிய 47-ல் பெரும்பாலானவை கடிக்க வரவில்லை. பயத்தில் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டன. அக்டோபரில் வால்பரைசோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியை ரெபெக்கா ஹஸ் நீதிமன்றத்தால் இந்நாய்களின் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கோப்பு, ஒரு பெயர், ஒரு முடிவு. செலவுக்காக விக் 9,28,000 டாலருக்கும் மேல் செலுத்த நேர்ந்தது. ‘ஏறத்தாழ’ அத்துடன் ஒழிந்தது.

ஹஸ் வகுத்த பிரிவுகளில் நமக்கு முக்கியமானது, தத்துக்கு முன்பாக ஒரு வீட்டில் வைத்துக் கவனித்தல் என்பது. ஆங்கிலத்தில் இதற்கென்று நாள்பட்ட சொல் உண்டு. தமிழில் ‘தற்காலிக வளர்ப்பு’ என்று அரசாங்கக் கடிதம்போல எழுதவேண்டியிருக்கிறது. நம்மிடமும் சொல் இல்லாமலில்லை. அகப்பாடல்களின் செவிலி அதுதானே? பெறாமல் வளர்ப்பவள், வளர்த்ததைப் பிறர் மனைக்கு அனுப்பவேண்டியவள், அனுப்பியபின் பாலை வழியைப் பார்த்துப் புலம்புகிறவளும் அவளே. ஆகவே செவிலி வீடு என்றே சொல்லிவிடுவோம்.

கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் நகரைச் சேர்ந்த பேட் ராப் என்னும் சிறு அமைப்பு 10 நாய்களை ஏற்று இத்தகைய வீடுகளில் வைத்தது. சங்கிலியிலும் சிமெண்ட் கொட்டிலிலும் வாழ்ந்த நாய்க்கு வீடு என்பது புரியாத இடம். மாடிப்படி, வழவழப்பான தரை, கண்ணாடிக் கதவு, பாத்திரம் விழும் ஓசை ஆகிய எல்லாமே அச்சம் தருபவை. செவிலியின் முதல் வேலை எதையும் கற்றுத்தருவதன்று, சும்மா இருப்பது. தலையை வருட நீளும் கையே மிரட்டலாகப்படும் உயிரின் அருகே, பார்வையைத் திருப்பிக்கொண்டு தரையில் அமர்ந்திருக்கவேண்டும். கூண்டின் கதவைத் திறந்து வைத்து, வெளியே வர அழைக்காமல் காத்திருக்கவேண்டும். உணவும் நடையும் நாள்தோறும் ஒரே நேரத்தில். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்த பின்னரே அதற்கு ஆர்வம் பிறக்கிறது; ஆர்வம் பிறந்த பிறகே பயிற்சி. இடையே குறிப்பெடுத்தலும் உண்டு. குழந்தையைக் கண்டால் என்ன செய்கிறது, இன்னொரு நாயைக் கண்டால், சாப்பிடும்போது அருகில் சென்றால்? காப்பகத்தின் அரைமணிச் சோதனை சொல்லாததை ஆறு மாதக் குடித்தனம் சொல்லிவிடும். தத்தெடுக்க வருபவருக்கு இக்குறிப்புகளே உண்மையான ஜாதகம்.

கடினமான 22 நாய்கள் யூட்டா மாநிலத்தின் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் சரணாலயத்துக்குச் சென்றன. அங்கும் வீட்டுக்குப் போவதற்கு நன்னடத்தைத் தேர்வு, பிறகு செவிலி வீட்டில் சில மாதங்கள் என்று படிகள் இருந்தன. எல்லாம் தேறவில்லை. லூகாஸ், மெரில் என்ற இரண்டும் ஆயுள் முழுதும் சரணாலயத்திலேயே இருக்கவேண்டும் என்பது நீதிமன்ற ஆணை. லூகாஸ் மனிதரிடம் குழைந்து பழகும் நாய்; ஆனால் சண்டையில் பேரெடுத்தது, ஆகவே யாரேனும் கவர்ந்து செல்லக்கூடும் என்ற அச்சம். வென்றதற்காக அது அடைந்த தண்டனை என்றே நமக்குத் தோன்றுகிறது.

47 நாய்களுக்கு இத்தனை பணமா, அதில் ஆயிரக்கணக்கான தெருநாய்களைக் காத்திருக்கலாமே என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கணக்கு சரிதான். ஆயினும் இந்த 47-ஐக் காட்டியிராவிட்டால் பழைய வழக்கம் அசைந்திருக்காது. 2009 பிப்ரவரியில் வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டியில், சண்டைக்காக வளர்க்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் குட்டிகளோடு சேர்த்து நீதிமன்ற ஆணையின்படி கொல்லப்பட்டன. எதிர்ப்பு பலமாகவே எழுந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்க மனிதநேயச் சங்கம், ஒவ்வொரு நாயையும் தனித்தனியே ஆராயவேண்டும் என்று தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது.

பேட் ராப் ஏற்றவற்றுள் ஒன்றான ஜானி ஜஸ்டிஸ், செவிலி வீட்டாராலேயே தத்தெடுக்கப்பட்டது. அனுப்பவேண்டியவள் அனுப்ப மறுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் அந்நாய் நூலகத்தில் படுத்திருக்க, உரக்க வாசிக்கக் கூச்சப்படும் சிறுவர்கள் அதற்குக் கதை படித்துக் காட்டினார்கள். மீட்கப்பட்ட 47-ல் கடைசியாக எஞ்சியிருந்தது ஃப்ரோடோ. 2021 டிசம்பரில், தன்னைத் தத்தெடுத்த குடும்பத்தாரின் நடுவே, அது முதுமையில் இறந்தது.