பஸ்ஸே ஒத்துக்காதவங்க கப்பல் ஏறலாமா?

போன மாதம் திண்டிவனம் பக்கத்து கிராமத்தில் இருந்து ஓர் அம்மா வந்திருந்தாங்க. வயது 58. அந்தமான் போக மகன் கப்பல் டிக்கெட் போட்டிருக்கார். சென்னையில் ஏறினா போர்ட் பிளேர் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள்.

"சார், எனக்கு விழுப்புரம் போற பஸ்ஸே ஒத்துக்காது. எலுமிச்சம்பழம் இல்லாம ஏறவே மாட்டேன். பொண்ணைக் கோயம்புத்தூர்ல கட்டிக் கொடுத்து பதினோரு வருஷம் ஆகுது. ரெண்டே தடவைதான் போயிருக்கேன். நாலு பேர் முன்னாடி வாந்தி எடுத்துட்டு உக்காந்திருக்கிறது எவ்ளோ அசிங்கம் தெரியுமா? நம்ம உடம்புக்குக் கப்பல் எல்லாம் ஆகுமா?"

மாத்திரை எழுதிக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். ஆனா "நம்ம உடம்பு"ன்னு அவங்க சொன்ன விதம் மனசுல நின்னுடுச்சு. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு விஷயம். கடல் நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிற கிடங்கல், சங்க காலத்தில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊரும் வருது. அது இன்றைய மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னாங்க. "எங்க பாட்டிக்குப் பாட்டன் வழியில ஒருத்தர் மோரீசுக்குப் போயிட்டாராம். திரும்பவே இல்லையாம்."

1993 வரை விழுப்புரமும் திண்டிவனமும் தென் ஆற்காடு மாவட்டம். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தீவுகளுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனவர்களில் இந்த மாவட்டத்துக்காரர்கள் நிறைய. மொரீஷியஸுக்கு 1834இல் தொடங்கியது. கல்கத்தா, சென்னை, பம்பாய் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் அந்த ஒரு தீவுக்குப் போனாங்க. ரீயூனியன் தீவுக்கு ஆள் ஏற்றிய துறைமுகங்களில் ஒன்று, நம்ம விழுப்புரத்தில் இருந்து 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற புதுச்சேரி.

அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும்? 1860 அக்டோபரில் சென்னையில் இருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு கிளம்பி, நவம்பர் 16இல் டர்பன் போய்ச் சேர்ந்தது. ஐந்து வாரம். அப்போ சென்னையில் கப்பல் வந்து அணையும் துறைமுகமே கிடையாது. கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலா படகில் ஏறி, அலையைத் தாண்டிப் போய்த்தான் கப்பலைப் பிடிக்கணும். கடலையே பார்க்காத விவசாயக் கூலிக்கு வாந்தி அங்கேயே ஆரம்பிச்சிருக்கும்.

கப்பலில் அவங்க இடம் கீழ்த்தளம். வெளிச்சம் குறைவு, காற்று குறைவு. புயல் வந்தா மேலே இருக்கிற திறப்புகளையும் மூடிடுவாங்க. இது ஏன் முக்கியம்னு புரிய, கொஞ்சம் காதுக்குள்ள போகணும்.

நம்ம உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களும், நுண்ணிய கற்கள் கொண்ட இரண்டு பைகளும் இருக்கு. தலை எந்தப் பக்கம் ஆடுது, உடம்பு ஏறுதா இறங்குதா என்று மூளைக்குச் சொல்வது இவைதான். மூடிய அறைக்குள்ள உக்காந்திருக்கும்போது கண், "எதுவும் அசையல" என்று சொல்லும். காது, "நல்லா ஆடுது" என்று சொல்லும். இந்த இரண்டு சேதியும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல், வியர்வை, வாந்தி. ஐந்து விநாடிக்கு ஒரு தடவை ஏறி இறங்குகிற மெதுவான ஆட்டம்தான் ரொம்ப மோசம். பெரிய அலையின் ஆட்டம் ஏறக்குறைய அதுவே.

காதுதான் காரணம் என்பதற்கு நல்ல ஆதாரம் 1882இல் கிடைத்தது. அமெரிக்காவில் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாத, வாய் பேசாத 519 பேரைச் சுழல விட்டுப் பார்த்தார். 186 பேருக்குத் தலைசுற்றலே வரல! அப்படிப்பட்டவர்களைக் கடல் பயணமும் பெரிதாகப் பாதிப்பதில்லை என்றும் அவர் கவனித்தார்.

யோசிச்சுப் பாருங்க. உட்காது வேலை செய்யாதவங்களுக்கு இந்த வாந்தி வராது. உங்களுக்கு வருதுன்னா காது ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதுல அசிங்கம் எங்கே இருக்கு?

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே கடைசி வரை கடல் வாந்தி உண்டு. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகம் சுற்றிய டார்வின், படுத்தபடி காய்ந்த திராட்சையைத் தின்னு சமாளித்தார்.

அவங்களுக்கும் நம்ம ஊர்க் கூலிக்கும் ஒரே வித்தியாசம்தான். டார்வின் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்க்கலாம், நல்ல காற்று வாங்கலாம். கீழ்த்தளத்தில் இருந்தவருக்கு நினைத்தபோது அது கிடைக்காது. வாந்தி நிற்காத கைக்குழந்தைக்கு நீர்ச்சத்து வற்றினால் கொடுக்க ஓ.ஆர்.எஸ். கரைசலும் அப்போ இல்ல. உடம்பு எல்லாருக்கும் ஒன்றுதான். இடம்தான் வேறு.

இப்போ மருந்து. நம்ம ரோட்டோரத்து ஊமத்தையில் இருக்கிற ஹயோசின்தான் இதற்கான பழைய மருந்து. 1944இல் நார்மண்டி கரையில் இறங்கிய பிரிட்டிஷ் வீரர்களுக்கு அதைக் கொடுத்தாங்க. 1979இல் காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையாகவும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. (அதுக்காக யாரும் ஊமத்தங்காயைத் தொட்டுடாதீங்க. அது விஷம். உயிரே போகும்.)

அடுத்த கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1947, பால்டிமோர். தோல் தடிப்புக்குப் புது மாத்திரை சாப்பிட்ட ஒரு கர்ப்பிணி, "டாக்டர், டிராம்ல வர்ற வாந்தி நின்னுபோச்சு" என்றார். டாக்டர்கள் கேயும் கார்லினரும் அதை அலட்சியப்படுத்தல. அட்லாண்டிக்கைக் கடந்த ஒரு கப்பலில் சிப்பாய்களிடம் சோதித்தாங்க. வேலை செய்தது. அதுதான் டிராமமைன். பஸ் வாந்தியைப் பற்றி டாக்டரிடம் வெட்கப்படாமல் பேசிய ஒரு பெண்ணால் கிடைத்த மருந்து!

சரி, நீங்க என்ன செய்யலாம்?

கப்பலில் நடுப்பகுதி அறையைக் கேளுங்க. அங்கேதான் ஆட்டம் குறைவு. முடிந்த வரை மேல்தளத்தில் இருந்து தொடுவானத்தைப் பாருங்க. பஸ்ஸில் முன் சீட், ஜன்னல், பார்வை ரோட்டில். போனைப் பையில் போடுங்க.

வயிறு முட்டவும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். இஞ்சி சிலருக்குக் கேட்கும், ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லல. எலுமிச்சம்பழம் கையில் இருந்தா இருக்கட்டும்.

அவோமின் போன்ற மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. முந்தைய இரவு, அல்லது ஏறுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்னாடி போடணும். தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது. இரண்டு வயதுக்குள் குழந்தைக்குக் கூடவே கூடாது. கர்ப்பிணிகள், கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை உள்ளவங்க டாக்டரைக் கேட்காமல் போடாதீங்க. கடையில் தரும் ஆன்டான்செட்ரான் வேறு வாந்திகளுக்கு நல்ல மருந்து, இதற்குப் பெரிதாக உதவாது.

இரண்டு மூன்று நாளில் மூளை பழகிடும். கடல் தொழிலுக்குப் போறவங்களும் முதல் நாட்களில் இப்படிப் பட்டுத்தான் பழகியிருப்பாங்க.

அந்த அம்மா போன வாரம் வந்தாங்க. முதல் நாள் இரண்டு தடவை வாந்தியாம். அப்புறம் பகல் முழுக்க மேல்தளத்திலேயே உக்காந்துட்டாங்களாம். இறங்கின பிறகும் இரண்டு நாள் தரை ஆடுற மாதிரி இருந்ததுன்னு சிரிச்சாங்க. அதுவும் இயல்புதான், தானாப் போயிடும்.

கிளம்பும்போது இன்னொரு சீட்டு கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டேன்.

"கோயம்புத்தூருக்கு சார்."