வினாவிடையும் பிள்ளையின் வினாவும்

பிள்ளைகளுக்குச் சமாதானத்தைப் போதிப்பது எளிது என்றே பலரும் எண்ணுகின்றனர். சண்டை பிடிக்காதே, பொறுத்துக்கொள், மன்னித்துவிடு என்னும் மூன்று கட்டளைகளுக்குள் அப்போதனை முழுவதும் அடங்கிவிடும் என்பது அவர்கள் கருத்து. ஆனால், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே அமைந்துள்ள உடையார்கட்டைப் போன்ற ஓர் ஊரில், ஞாயிறு காலையில் வேதாகமக் கதை கேட்க வந்தமரும் பிள்ளைக்கு இம்மூன்று கட்டளைகளும் போதுமா? குளத்தையும் வயலையும் நம்பி வாழும் அந்த ஊரின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தோர் இவ்வினாவை இலகுவில் ஒதுக்கிவிட மாட்டார்கள்.

2009 சனவரி மூன்றாம் வாரத்தில் அரசாங்கம் ஏறக்குறைய 35 சதுர கிலோமீற்றர் பரப்பைப் பாதுகாப்பு வலயமென அறிவித்தது. சுதந்திரபுரம், உடையார்கட்டு, தேவிபுரம் ஆகிய ஊர்களை உள்ளடக்கியிருந்த அப்பரப்பினுள் மக்கள் பெருந்தொகையாக வந்து சேர்ந்தனர். அந்த வலயத்தின் மீதே எறிகணைகள் விழுந்தன; உடையார்கட்டில் இயங்கிய தற்காலிக மருத்துவமனையும் தப்பவில்லை. மறுபுறத்தில், விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவிடாது தடுத்ததையும், வயது வராத பிள்ளைகளையும் பலவந்தமாகப் படையிற் சேர்த்ததையும் ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்துள்ளது. இன்று பத்து வயதை எட்டியிருக்கும் பிள்ளை இவற்றுக்குப் பின் பிறந்தது. எனினும், பெற்றோரின் மௌனத்தின் வழியாக இவையனைத்தும் அப்பிள்ளையை வந்தடைந்திருக்கின்றன.

சமயப் போதனை நமக்கு எதற்கு என்று வாசகர்களுள் சிலர் கேட்கக்கூடும். சமயத்தைப் பற்றிய நமது நோக்கு எதுவாயினும், ஓய்வுநாட் பாடசாலை, மறைக்கல்வி, அறநெறிப் பாடசாலை எனப் பல பெயர்களில் நடைபெறும் இவ்வகுப்புகள் நம் கிராமங்களில் அரசின் பாடத்திட்டத்துக்கு வெளியே பிள்ளைகள் ஒழுங்காகக் கூடும் இடங்களாக விளங்குகின்றன. அங்கே கதை எவ்வாறு சொல்லப்படுகிறது என்பது நமக்கும் அக்கறைக்குரிய விடயமே. இதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

ஓய்வுநாட் பாடசாலை தொழிலாளர் பிள்ளைகளிடையே வளர்ந்த நிறுவனம். 1780இல் இங்கிலாந்தின் குளொஸ்ரர் நகரில் பத்திரிகையாளரான றொபேட் றெயிக்ஸ் அதனைத் தொடங்கியபோது, அங்கிருந்த ஏழைப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஆறு நாட்களும் வேலை. ஏழாம் நாள் மட்டுமே எழுத்தறிவுக்கு எஞ்சியது. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மெதடிஸ்த சபைத் தலைவர்களிடையே விசித்திரமான ஒரு விவாதம் எழுந்தது. ஓய்வுநாளிற் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பிக்கலாம், எழுதக் கற்பித்தல் ஆகாது என்பது அவர்களுட் செல்வாக்குடையோரின் நிலைப்பாடு. ஓய்வுநாளின் புனிதமே அவர்கள் காட்டிய காரணம். விளைவை நோக்கின் அதன் பொருள் வேறு. வாசிக்கும் பிள்ளை சொன்னதைக் கேட்கும். எழுதும் பிள்ளை பதில் சொல்லும். இப்பாடசாலைகள் தொழிலாளரை அடக்கிப் பழக்கிய கருவிகள் என ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1963இல் எழுதினார். அவை தொழிலாளரின் சொந்தப் பண்பாட்டின் விளைநிலங்கள் எனத் தோமஸ் லக்கூர் 1976இல் மறுத்தார். இரண்டிலும் உண்மை உண்டு. கேட்கும் பிள்ளையா, பதில் சொல்லும் பிள்ளையா என்பதே வழக்கின் மையம்.

இதே வழக்கு நம் மண்ணுக்கும் வந்தது. 1814இல் மெதடிஸ்த மிசனறிமாரும், 1816இல் அமெரிக்க மிசனறிமாரும் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் எழுந்த கல்வி நிலையங்கள் தமிழர் வாழ்விற் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தின. பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலையை நிறுவியபோது, எதிராளியின் கருவிகளையே தம் பணிக்கு எடுத்தாண்டார். அவற்றுள் ஒன்று வினாவிடை. சைவ வினாவிடை எழுந்தது; 1881இல் ஒல்கொற் பௌத்த வினாவிடையை வெளியிட்டார். மூன்று சமயங்களும் ஒன்றையொன்று எதிர்த்தன. பிள்ளையை நடத்தும் முறையில் மட்டும் மூன்றும் ஒன்றுபட்டன. வினாவும் அச்சாகியிருந்தது, விடையும் அச்சாகியிருந்தது. பிள்ளையின் சொந்த வினாவுக்கு அங்கே இடமிருக்கவில்லை.

சமாதானம் போதித்த அதே வகுப்பறைகளில் அநீதியும் அமர்ந்திருந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. கடவுள் முன் அனைவரும் சமம் என்று வாய்ப்பாடம் ஒப்புவித்த பிள்ளைகளுள் ஒருசாரார் வாங்கிலும், ஒருசாரார் நிலத்திலும் இருத்தப்பட்டனர். சாதிக்கெதிராக நின்ற மிசனறிமாரும் உண்டு. அதனுடன் சமரசம் செய்துகொண்டோரும் உண்டு. 1920களில் ஹன்டி பேரின்பநாயகமும் அவர்தம் தோழர்களும் உருவாக்கிய மாணவர் இயக்கம், பின்னர் வாலிபர் காங்கிரஸ் என அறியப்பட்டது. அவ்வியக்கம் சாதி வேற்றுமையை வெளிப்படையாக எதிர்த்தது. அக்காலத்தை ஒட்டி உதவிபெறும் பாடசாலைகளில் சம ஆசனம் நடைமுறைக்கு வந்தபோது, தீயிடப்பட்ட பாடசாலைகளும் உண்டு. வாங்கில் யார் அமர்வது என்பது தீராதவரை, சமாதானப் பாடம் வெறும் வாய்ப்பாடமே. 1960, 61ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. அதன்பின் திருச்சபையின் போதனைக்கு ஞாயிறு வகுப்பின் முக்கியத்துவம் முன்னிலும் பெரிதாயிற்று.

இனி, கதைகளுக்கு வருவோம். பிள்ளைகள் பெரிதும் விரும்பும் கதை தாவீதும் கோலியாத்தும். கவண் ஏந்திய சிறுவன் ஆயுதபாணியான அரக்கனை வீழ்த்துகிறான். பிள்ளைகளைப் போர்க்களத்துக்குப் பறிகொடுத்த வன்னியில் இக்கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிச் செல்வது எங்ஙனம்? கதையை ஊன்றிப் படித்தால், தமையன்மாருக்கு உணவு கொண்டுசென்றவனே அச்சிறுவன் என்பதையும், அரசன் தன் கவசத்தை அவனுக்கு அணிவித்துப் பார்த்தான் என்பதையும் காண்கிறோம். “அவ்வளவு பெரியவர்கள் நிற்கையில் சின்னவனை ஏன் அனுப்பினார்கள்?” என்று ஒரு பிள்ளை கேட்குமாயின், அந்த வினா எந்த வினாவிடையிலும் இல்லை. அதுவே பாடத்தின் உயிர்நிலை.

ஈசாக்கின் கிணறுகளைப் பற்றிய கதை வன்னிப் பிள்ளைக்கு இன்னும் நெருக்கமானது. தகப்பனின் ஆட்கள் தோண்டிய கிணறுகள் மண்ணிட்டுத் தூர்க்கப்படுகின்றன. ஈசாக்கு ஊரைவிட்டு அனுப்பப்படுகிறான். புதிதாகத் தோண்டிய கிணற்றுக்கு வழக்கு வருகிறது, விலகிப்போய் மற்றொன்று தோண்டுகிறான், அதற்கும் வழக்கு. மூன்றாவதற்கு வழக்கில்லை. அதற்கு அவன் இட்ட பெயர் ரெகொபோத்து. இடம் உண்டாயிற்று என்பது அதன் கருத்து. விட்டுக்கொடுத்தவன் வென்றான் என்று இக்கதை வழக்கமாக முடிக்கப்படுகிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவனை அனுப்பிய அரசன் பின்னர் உடன்படிக்கை தேடி வருகிறான். என்னைப் பகைத்துத் துரத்திய நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று ஈசாக்கு நேரிற் கேட்கிறான். கேட்ட பிறகே விருந்து. விருந்தின் பிறகே உடன்படிக்கை. கிணறு தோண்டியவனே ஏன் போகவேண்டும் என்று பிள்ளையும் கேட்கட்டும். 2017 சனவரி இறுதியில் முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாபிலவு – பிலக்குடியிருப்பு மக்கள், விமானப்படையினர் வசமிருந்த தம் காணிகளின் வாயிலிற் பிள்ளைகளோடு அமர்ந்தனர். மார்ச் முதலாம் நாள் பிலக்குடியிருப்புக் காணிகள் விடுவிக்கப்பட்டன. எவரையும் அடிக்காமலும், இடத்தை விட்டு எழும்பாமலும் அவர்கள் நடத்திய அப்போராட்டம், ஈசாக்கின் கதைக்கு ஏற்ற விளக்கவுரை எனலாம்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு உரிய மற்றொரு கதை ரிஸ்பாளுடையது. பழைய படுகொலையொன்றுக்கு ஈடாகத் தாவீது அரசன் எழுவரைக் கொலைக்குக் கையளிக்கிறான். அவர்களுள் இருவர் ரிஸ்பாளின் மக்கள். அவள் பாறைமேல் இரட்டை விரித்து, அறுப்புக் காலந்தொட்டு மழை பெய்யும்வரை, பறவையும் விலங்கும் அவ்வுடல்களைத் தீண்டாமற் காவல் இருக்கிறாள். செய்தி அரசனை எட்டுகிறது. அவன் எலும்புகளைச் சேர்ப்பித்து அடக்கம் செய்விக்கிறான். எழுவர் தூக்கிலிடப்பட்டபோது நாட்டின் பஞ்சம் தீர்ந்ததாகக் கதை கூறவில்லை. அடக்கம் நிகழ்ந்த பின்னரே நாட்டுக்கு இரக்கம் கிடைத்ததாகக் கூறுகிறது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தொடர்ந்து அமர்ந்ததை அறிந்த பிள்ளைக்கு, ரிஸ்பாள் அயல்நாட்டுப் பெண் அல்லள். உண்மை தெரியாமல் மன்னிப்பைக் கோருதல் தாயிடம் மௌனத்தைக் கோருவதே ஆகும்.

இலங்கைக் கல்வி அமைச்சு 2008ஆம் ஆண்டிலே சமூக இணக்கத்துக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றித் தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டு செப்ரெம்பரில், அரசாங்கத்தின் பணிப்பின்பேரில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறின. அடுத்த சில மாதங்களில் வன்னிப் பாடசாலைகள் அகதிகளின் தங்குமிடங்களாயின. கொள்கை தீயது என்று நாம் கூறவில்லை. கொள்கை ஒருபுறமும் குண்டுகள் மறுபுறமும் செல்லும்போது, பிள்ளை நம்புவது குண்டுகளையே என்கிறோம்.

ஆகவே, கதை சொல்லும் ஆசிரியரிடமும், அவருக்குத் துணைநிற்கும் மாணவரிடமும் நாம் வேண்டுவது ஒன்றே. கதையை முடித்தவுடன் நீதியைச் சொல்லிவிடாதீர்கள். சற்றுப் பொறுத்திருங்கள். கிணறு யாருடையது, சின்னவனை யார் அனுப்பினார்கள், அந்தத் தாய்க்கு யார் பதில் சொன்னார்கள் என்று பிள்ளை கேட்கும். சில வினாக்களுக்கு நம்மிடம் விடை இராது; அதை ஒப்புக்கொள்வதில் இழிவில்லை. இத்தகைய வினாக்களை அஞ்சாது கேட்கும் பிள்ளைகள் உடையார்கட்டிலும், அதேபோலச் சிங்களக் கிராமங்களின் தம்ம பாடசாலைகளிலும் வளரும்போதே, இந்நாட்டிற் சமாதானத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஆட்கள் இருப்பார்கள்.