மாவட்ட முன்சீப் நீதிமன்றம்

மாவட்ட முன்சீப் நீதிமன்றம் என்பது தமிழ்நாட்டின் வட்டத் தலைநகரங்களிலும் சிற்றூர்களிலும் இயங்கும் தொடக்கநிலை உரிமையியல் நீதிமன்றமாகும். இன்று இது மாவட்ட உரிமையியல் நீதிமன்றம் எனப்படுகிறது. பல சிறு நகரங்களில் குற்றவியல் நடுவர் நீதிமன்றமும் இதனுடன் இணைந்தே செயல்படுகிறது. ‘முன்சீப்’ என்பது நேர்மையாளர் எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

தோற்றம்

கிழக்கிந்தியக் கம்பெனி 1802-இல் சென்னை மாகாணத்தில் ஜில்லா நீதிமன்றங்களை நிறுவியது. அவை தொலைவில் இருந்தன, வழக்குகளும் தேங்கின. எனவே தாமஸ் மன்றோவின் பரிந்துரைப்படி 1816-இல் புதிய ஒழுங்குவிதிகள் பிறந்தன. அவற்றின்படி கிராமத் தலைவரே கிராம முன்சீப் ஆகிச் சிறு தொகை வழக்குகளை விசாரித்தார். அதற்கு மேற்பட்ட வழக்குகளுக்கு மாவட்ட முன்சீப்புகள் நியமிக்கப்பட்டனர்.

இவ்விரு பதவிகளும் வெவ்வேறு வழியில் சென்றன. வரி வசூலும் ஊர்க்காவலும் கிராம முன்சீப்பின் கையிலேயே இருந்தன. அப்பதவி பெரும்பாலும் பரம்பரையாக வந்து, 1980-இல் ஒழிக்கப்பட்டது. மாவட்ட முன்சீப் பதவியோ தேர்வெழுதிப் பெறும் முழுநேர நீதிப்பணியாக வளர்ந்தது. நாவலாசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையும், பின்னாளில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியான தி. முத்துசாமி ஐயரும் இப்பதவியை வகித்தவர்கள்.

1873-ஆம் ஆண்டின் சென்னை உரிமையியல் நீதிமன்றங்கள் சட்டம், மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், முன்சீப் நீதிமன்றம் என்ற படிநிலையை உறுதிசெய்தது. இன்றும் அதுவே அடிப்படை.

வருவாய்த்துறையிலிருந்து பிரிவு

உரிமையியல் வழக்குகள் முன்சீப்பிடம் சென்றாலும், குற்ற வழக்குகள் நெடுங்காலம் தாசில்தார் போன்ற வருவாய் அலுவலர்களிடமே இருந்தன. வரி தண்டும் அதிகாரியே தண்டனையும் விதிக்கும் நிலை இது. இதைப் பிரிக்க வேண்டும் என்பது விடுதலை இயக்கத்தின் பழைய கோரிக்கைகளுள் ஒன்று. அரசமைப்புச் சட்டத்தின் 50-ஆம் உறுப்பு இப்பிரிவை வலியுறுத்தியது. 1974 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், நீதித்துறை நடுவர்களை உயர்நீதிமன்றக் கட்டுப்பாட்டில் வைத்தது. அமைதி காக்கப் பிணை பெறுதல் போன்ற பணிகள் மட்டும் வருவாய் அலுவலர்களிடம் நின்றன.

அமைப்பும் பணியாளரும்

ஓர் ஊரில் புதிய நீதிமன்றம் அமைய, உயர்நீதிமன்றத்தின் இசைவுடன் அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும். எல்லையையும் பணியிடங்களையும் அரசு வரையறுக்கிறது; செலவையும் அரசே ஏற்கிறது. நீதிபதி, அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வின் வழியே தெரிவு செய்யப்பட்டு ஆளுநரால் நியமிக்கப்படுகிறார். அவரது இடமாற்றமும் ஒழுங்கு நடவடிக்கையும் உயர்நீதிமன்றத்தின் பொறுப்பு.

அலுவலகத்தைத் தலைமை எழுத்தர் நடத்துகிறார். நாசர் பிரிவு பணத்தையும் கட்டளைகளையும் கையாள்கிறது. அழைப்பாணையை நேரில் கொண்டுசேர்ப்பதும், தீர்ப்பின்படி சொத்தை ஒப்படைப்பதும் அமீனாவின் வேலை. தட்டச்சர், நகல் எடுப்பவர், அதை ஒப்புநோக்குபவர், பதிவறை எழுத்தர், டபேதார், இரவுக்காவலர் ஆகியோரும் உண்டு. நாசர், அமீனா, டபேதார் ஆகிய பெயர்கள் பாரசீக, அரபு வழி வந்தவை. பழைய நிர்வாகத்தின் தடயங்கள்.

அதே கூடத்தில் அமரும் உதவி அரசு வழக்குரைஞரும் நீதிமன்றக் காவலரும் நீதிமன்றப் பணியாளர் அல்லர். முன்னவர் வழக்குத் தொடர்வுத் துறையையும் பின்னவர் காவல்துறையையும் சேர்ந்தவர்கள்.

முக்கியத்துவம்

நிலத்தகராறு, கடன், வாடகை, பாகப்பிரிவினை என எளிய மக்களின் வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. நீதிபதிகள் சில ஆண்டுகளில் மாறிச் செல்வார்கள், கோப்புகள் நிலைத்திருக்கும். அழைப்பாணை சேராவிட்டால் விசாரணை தொடங்காது. நகல் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு தாமதமாகும். எனவே சிற்றூர் நீதிமன்றத்தில் ஒரு பணியிடம் காலியாக இருப்பது, வழக்காடுபவரின் காத்திருப்பை நேரடியாக நீட்டிக்கிறது.