கால்குலேட்டர் நுழைந்த வாசல்

"வகுப்பறைக் கருவிகளைப் பற்றி எழுதுங்களேன்" என்று மலர்க் குழுவினர் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பரீட்சை ஹால்தான். 2010-ல் சேர்ந்த செட் நாங்கள். விடுதியில் என் அறைத் தோழன் தமிழ் வழியில் படித்து வந்தவன். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு சயின்டிபிக் கால்குலேட்டர், அதுவும் என்னுடையது. வகுப்பில் பெஞ்சின் நடுவே வைத்துக்கொள்வோம். பரீட்சையில் அது நடக்குமா? கை மாறினால் ஆளையே வெளியே அனுப்பிவிடுவார்கள். முதல் செமஸ்டர் கணக்குத் தேர்வை லாகரிதம் அட்டவணையைப் புரட்டிப் புரட்டியே எழுதினான். கடைசிக் கேள்வியைத் தொடக்கூட நேரமில்லை. "கணக்கு தெரியும்டா, பெருக்கி முடிக்கத்தான் நேரம் பத்தல" என்றான்.

கைக்கருவிகளின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோது அந்தப் பேச்சுதான் காதில் ஒலித்தது.

1972-ம் ஆண்டு ஒரு வேடிக்கையான ஆண்டு. அமெரிக்காவில் எச்.பி. நிறுவனம் எச்.பி.-35 என்ற கையடக்க சயின்டிபிக் கால்குலேட்டரை 395 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. சைன், காஸ், லாக் எல்லாம் ஒரு பொத்தானில்! மூன்று நூற்றாண்டுக்கு மேல் கோலோச்சிய ஸ்லைடு ரூல் சில ஆண்டுகளில் பெட்டிக்குள் போய்விட்டது. அதே ஆண்டு, ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆலன் கே என்பவர் 'டைனாபுக்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நோட்டுப் புத்தக அளவு, 4 பவுண்டுக்குள் எடை, 500 டாலருக்குள் விலை. குழந்தைகள் தூக்கிச் செல்லும் கணிப்பொறி. இன்றைய டேப்லெட்டேதான்!

முன்னது வகுப்பில் நிலைத்தது. பின்னது காகிதத்திலேயே நின்றது. அன்று அதைச் செய்யும் தொழில்நுட்பம் இல்லை என்பது உண்மை. ஆனால் தொழில்நுட்பம் கைவந்த பிறகும் ஏன் இத்தனை தயக்கம்? எனக்குத் தோன்றும் காரணம், பரீட்சை. அமெரிக்காவில் சாட் தேர்வு 1994-ல் கால்குலேட்டரை அனுமதித்தது. மறுவருடமே ஏ.பி. கால்குலஸ் தேர்வுக்கு வரைபடக் கால்குலேட்டர் கட்டாயமானது. பரீட்சையில் வருவதைத்தானே வகுப்பில் நடத்துவார்கள்!

நம் நாட்டில் 2011 அக்டோபர் 5-ந் தேதி டெல்லியில் 'ஆகாஷ்' டேப்லெட் வெளியானது. நாங்கள் இரண்டாமாண்டு, விடுதி முழுக்க அதே பேச்சு. ஏழு அங்குலத் திரை, 256 எம்.பி. நினைவகம். விரலால் அழுத்தினால்தான் திரைக்குக் கேட்கும். மட்டமான கருவி என்று கேலி செய்தவர்கள் உண்டு. விலையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தவறாகத் தெரியவில்லை. ஆனால் செமஸ்டர் பரீட்சை காகிதத்திலேயே இருந்தது. பையோடு வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டிய கருவிக்கு எந்த ஆசிரியர் பாடத்தை மாற்றி எழுதுவார்?

இப்போது அந்த வாசலும் திறக்கிறது. சாட் தேர்வு 2023-ல் வெளிநாடுகளிலும் 2024-ல் அமெரிக்காவிலும் மடிக்கணினி, டேப்லெட்டுக்கு மாறிவிட்டது. கால்குலேட்டர் அந்தத் திரைக்குள்ளேயே இருக்கிறது. கருவி இல்லாத மாணவர் முன்கூட்டியே விண்ணப்பித்தால் இரவல் தருகிறார்கள். இந்தக் கடைசி ஏற்பாட்டைப் படித்ததும் உடனே என் தோழனுக்குப் போன் போட்டேன்.

அவன் இந்தச் சந்திப்புக்கு ஒரு திட்டத்தோடு வருகிறான். நம் கல்லூரித் தேர்வுப் பிரிவில், பரீட்சைக்கு இரவல் கொடுக்க 20 கால்குலேட்டர்கள். பாதிச் செலவு அவனுடையது. மீதிக்கு நம்ம செட்காரர்களைத்தான் பிடிக்கப் போகிறானாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் நழுவிவிட வேண்டாம்!