கதவு எண் தெரியாத வீடு

உங்கள் கொள்ளுத்தாத்தா எந்தத் தெருவில், எந்த வீட்டில் பிறந்தார் என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்களா? நம்மில் பலருக்கு அவர் பெயரே தடுமாறும். ஆனால், புதுச்சேரியில் இந்தக் கேள்வியோடு தெருத்தெருவாக அலைகிறவர்கள் உண்டு. பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரன், பேத்திகள். கையில் பழைய பிறப்புப் பதிவின் நகல் ஒன்று. அதில் பிரெஞ்சில் ஒரு வீதியின் பெயர். ஆட்டோக்காரரிடம் காட்டினால், ‘அப்படி ஒரு வீதியே இல்லீங்களே’ என்பார்.

வீதி இருக்கிறது. பெயர்தான் போய்விட்டது! அன்றைய துய்ப்ளெக்ஸ் வீதி இன்றைய நேரு வீதி. கப்பூச்சின் பாதிரிகள் பெயரில் இருந்தது இப்போது ரொமெய்ன் ரோலந்து வீதி. கடற்கரையோரத்து ‘கூர் ஷப்ரோல்’ குபேர் அவென்யூ ஆகிவிட்டது.

நல்லவேளை, கோடு மாறவில்லை. 1693-ல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள், மறு வருஷமே நூல் பிடித்த மாதிரி நேர் வீதிகளாக ஒரு வரைபடம் போட்டார்கள். 1699-ல் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பியது. அவர்களும் அதே கோட்டில்தான் ஊரை வளர்த்தார்கள்.

கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர்; மேற்கே தமிழர். மேற்கே போனால் வீதியின் பெயரே பாதி விலாசம். வெள்ளாள வீதி, செட்டி வீதி, கோமுட்டி வீதி, முல்லா வீதி... தேடுகிறவருக்கு வசதிதான். ஆனால், சேரிக்காரர்கள் ஊருக்கு வெளியேதான் இருக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய பேரன் வந்து தேடினால் எந்த வீதியைக் காட்டுவது?

இருநூற்றெழுபது, இருநூற்றெண்பது வருஷத்துக்கு முந்தைய கடையையும் வீட்டையும் ஆளோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமா? பெரிய மார்க்கெட்டை ஒட்டிய ரங்கப்பிள்ளை வீதிக்கு வாருங்கள். 1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்து, துய்ப்ளெக்ஸுக்குத் துபாஷாக உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இங்கேதான் இருக்கிறது. கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்கள், நம் ஊர் பாணி. மாடிக்குப் போனால் வெள்ளை வெளேரென்று பிரெஞ்சுத் தூண்கள். மனிதர் எப்படி வாழ்ந்தார் என்று வீடே சொல்லிவிடுகிறது!

1736-லிருந்து கிட்டத்தட்ட சாகும்வரை அவர் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கின் விலை, கவர்னரின் கோபம், ஊர் வம்பு எல்லாம் உண்டு. அதில் அடிக்கடி வருகிற இடம் அவருடைய பாக்குக் கிடங்கு. அங்கே உட்கார்ந்துதான் வருகிறவர்களைப் பார்ப்பார், பஞ்சாயத்து பேசுவார். ராஜாக்களின் அரண்மனை எங்கே என்று கல்வெட்டு சொல்லும். ஒரு வியாபாரி எங்கே உட்கார்ந்து பேசினார் என்று சொல்ல இப்படி ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும்.

1761 ஜனவரி 12-ல் பிள்ளை இறந்தார். நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. கோட்டையும் வெள்ளையர் பகுதியும் இடித்துத் தள்ளப்பட்டன. 1765-ல் ஊரைத் திரும்ப வாங்கிய பிரெஞ்சுக்காரர்கள் பழைய கோட்டிலேயே மறுபடி கட்டினார்கள். பிள்ளையின் வீடு மட்டும் எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றது.

பிள்ளைக்கு நாட்குறிப்பு இருந்தது. சாதாரணக் குடும்பத்துக்கு? அங்கேதான் 1881 வருகிறது. அந்த வருஷம் செப்டம்பர் 21-ல் ஒரு பிரெஞ்சு ஆணை: இந்து, முஸ்லிம் வழக்கச் சட்டங்களை விட்டுவிட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கலாம், ஆனால், குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். முன்வந்தவர்களில் முக்கியமானவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-ல் ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் வரக்கூடாது என்று தடுக்கப்பட்டு, வழக்காடி ஜெயித்த வக்கீல்! அவர் எடுத்துக்கொண்ட பெயர் ‘லபோர்த்’. அதாவது, கதவு.

தேடுகிறவருக்கு இது பெரிய முடிச்சு. அண்ணன் கையெழுத்துப் போட்டு, தம்பி போடாமலிருந்தால், ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர். சைகோனுக்கு வேலைக்குப் போனவர், அங்கிருந்து பாரிஸ் போனவர் என்று கிளை பிரியப் பிரிய, வீட்டை இழுத்துக் கட்டுவது அந்த ஒற்றைப் பதிவுதான். அதில் பழைய தமிழ்ப் பெயரும் புதுப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பிரெஞ்சிந்தியப் பதிவேடுகள் தென் பிரான்ஸில் எக்ஸ் நகரத்துக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலேயே புரட்டலாம்.

இனிமேல்தான் வேடிக்கை. பிரெஞ்சுச் சட்டப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பங்கு. நொத்தேர் ஒவ்வொரு வாரிசையும் விடாமல் எழுதி வைப்பார். அதனால்தான் வீட்டைக் கண்டுபிடிக்க முடிகிறது. அதனாலேயே வீட்டைக் காப்பாற்றவும் முடிவதில்லை! மூன்று தலைமுறையில் ஏகப்பட்ட பங்காளிகள், நாலு நாட்டில். ஓடு மாற்றக்கூட எல்லோரையும் கேட்க வேண்டும். மழை அதுவரை காத்திருக்குமா? 2014 நவம்பர் மழையில் கடற்கரையில் இருந்த மேரி கட்டடமே பொலபொலவென்று விழுந்ததே. அரசாங்கக் கட்டடம் என்பதால் பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டினார்கள். தாத்தா வீட்டுக்கு யார் கட்டுவது? விற்றுப் பங்கு போடுவதுதான் சுலபம். திண்ணையும், வீதியில் போகிறவருக்கு நிழல் தந்த தாழ்வாரமும்தான் முதலில் போகும்.

அதுவெல்லாம் எப்படி இருந்தது என்று பார்க்க வைசியாள் வீதி இருக்கிறது. வீட்டு முகப்புகளைப் பழையபடி சீர்செய்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்த வீதி. காலையில் வெயில் ஏறுமுன் நடந்து பாருங்கள்.

நீங்களும் இப்படித் தேடிப் போவதாக இருந்தால் ஒரு யோசனை. கதவு எண்ணைக் காட்டாதீர்கள். அது எத்தனையோ தடவை மாறியிருக்கும். வீதியிலேயே பழைய கடையாகப் பார்த்து, கல்லாவில் இருக்கும் பெரியவரிடம் தாத்தா பெயரைச் சொல்லுங்கள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ‘அவுங்க வூட்டுல அப்ப என்ன வியாபாரம் தம்பி?’ என்று கேட்பார். அந்தப் பதிலைக் கையோடு கொண்டு போங்கள்.